ஐந்தாம் கிணற்றுக்கு அரைச் சுற்று கேஸ்

நான் வேலை பார்ப்பது நடுக்கடலில். உட்கார்ந்திருப்பது உழவர்கரையில், ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில். கீழே கண்ணாடி அறுக்கிற சத்தம். மேலே நான், ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு மின்விசிறி. கடல் என்றால் நம் பீச் ரோட்டுக் கடல் இல்லை. மேற்கே அரபிக்கடலில், ஹெலிகாப்டரில் போக வேண்டிய தூரத்தில், இரும்புக் கால் ஊன்றி நிற்கும் ஒரு எண்ணெய் மேடை. அதில் ஒன்பது கிணறுகள். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கேஸ் விட வேண்டும் என்று தினமும் காலையில் சொல்வது என் வேலை. அந்த மேடையை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

கல்யாண வீடுகளில் இதைச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "கேஸ்" என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததுமே, பதிவு பண்ணி பத்து நாளாகியும் வராத சிலிண்டரைப் பற்றி யாராவது கேட்டுவிடுவார்கள். அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாகூர்ப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களிடம், "உங்க கம்ப்ரசர் போர் மாதிரிதான்" என்று தொடங்கினால் போதும். மோட்டார் இழுக்காத ஆழ்துளைக் கிணற்றில் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காற்றை அடியில் அனுப்புவார்கள். காற்று கலந்ததும் தண்ணீர் லேசாகி, தானே மேலே ஏறி வரும். எண்ணெய்க் கிணற்றிலும் அதே வேலைதான். பூமிக்குள் அழுத்தம் குறைந்து எண்ணெய் மேலே வர முடியாமல் தவிக்கும்போது, வெளிக்குழாய் வழியாகக் கேஸை அனுப்பி, ஆழத்தில் ஒரு வால்வு வழியாக உள்குழாய்க்குள் நுழைய விட்டால், எண்ணெய் லேசாகி ஏறி வந்துவிடும்.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. குறைவாக விட்டால் எண்ணெய் விட்டுவிட்டு வரும். கூட விட்டால் குழாயைக் கேஸே அடைத்துக்கொண்டு, எண்ணெய்க்கு இடமில்லாமல் போகும். இருக்கிற கேஸும் ஒரே கம்ப்ரசரிலிருந்து ஒன்பது கிணறுகளுக்கும் பங்காக வேண்டும். கடலில் போய் ஒவ்வொரு அளவாக வைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் என் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருக்கிறது, மாடல் என்போம். குழாயின் நீளம், அகலம், வால்வு இருக்கும் ஆழம், அடியில் உள்ள அழுத்தம் எல்லாம் கொடுத்துவிட்டால், அது நிஜக் கிணறு போலவே நடக்கும். கேஸைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டுமென்றே கெடுத்தும் பார்க்கலாம். ஒருவர் கூட நனைய வேண்டாம். காலையில் டீயைக் குடித்துக்கொண்டே ஒரு கிணற்றை ஐம்பது விதமாக ஓட்டிப் பார்ப்பதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. என் கணவரிடம் இதைச் சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

இந்த மாடி அறை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. மும்பையில் பத்து வருடம் இதே வேலையைப் பார்த்தேன். ஊருக்குப் போகிறேன், அங்கிருந்தே செய்கிறேன் என்று என் மேலதிகாரியிடம் இரண்டு வருடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் அவர், "ஒரு வருடம் பார்ப்போம். மாடல் சரியாக இருந்தால் அங்கேயே இருங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்" என்றார். அந்த ஒரு வருடத்தை நம்பிக் கருவடிக்குப்பத்தில் வீடு பிடித்தோம். மகளை இங்கே பள்ளியில் சேர்த்தோம். கணவர் அங்கிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். நான் சொல்லும் அந்த மாதம் பதினோராவது மாதம்.

மேடையில் கிணறுகளைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் இருந்தார். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில் என்று முறை வைத்து வேலை. முதல் முறை போனில் பேசும்போது இந்தியில் தொடங்கினார். நான் ஏதோ கேட்டதற்கு, "இரு இரு, பாத்துட்டு சொல்றேன்" என்று வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டார். அந்த நாலு வார்த்தையிலேயே நம் பக்கத்துக்காரர் என்று தெரிந்துபோயிற்று. வில்லியனூரைத் தாண்டி ஒரு ஊர், விவசாயக் குடும்பம், கம்ப்ரசர் போரும் உண்டு.

ஊர் ஒன்று என்பதற்காக அவர் என்னை விட்டுவைக்கவில்லை. "உங்க கம்ப்யூட்டர்ல எண்ணெ நல்லா வருது மேடம். எங்க கெணத்துலதான் வரல" என்பார். சேட்டிலைட் போன் என்பதால் ஒருவர் பேசியது மற்றவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் பேசி முடிப்பதற்குள் நான் கத்த, நான் கத்துவது கேட்பதற்குள் அவர் வேறொன்று சொல்ல, இரண்டு பேரும் முந்தின வாக்கியத்துக்கே சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கீழே கண்ணாடிக் கடைக்காரர் அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சண்டை பெரும்பாலும் ஐந்தாம் நம்பர் கிணற்றைப் பற்றித்தான். கேஸை நிறைய வாங்கிக்கொண்டு எண்ணெயைக் கொஞ்சமாகத் தந்துகொண்டிருந்தது. மும்பையில் அதை மூடிவிட்டு, அதன் கேஸை மற்றவற்றுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. என் மாடலோ, ஐந்துக்குக் கேஸ் கூடிப்போய்விட்டது, குறைத்தால் எண்ணெய் கூடும் என்று சொன்னது. நான் கூட்டத்தில் அதை அடித்துச் சொல்லிவிட்டேன். குறைத்தார்கள். அடுத்த டெஸ்டில் எண்ணெய் கூடவே இல்லை. இன்னும் குறைக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை.

டெஸ்ட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது கிணற்று எண்ணெயும் ஒரே குழாயில் கலந்து கரைக்குப் போகிறது. எது எவ்வளவு தருகிறது என்று தெரிய, முறை வைத்து ஒரு நாள் ஒரு கிணற்றை மட்டும் தனித் தொட்டிக்குத் திருப்பி அளப்பார்கள். எண்ணெய் அளவு அப்படிக் கிடைக்கும். உள்ளே போகிற கேஸுக்கு அந்தப் பழைய மேடையில் தனித்தனி மீட்டர் எதுவும் உருப்படியாக இல்லை. மேடையில் இருக்கும் கேஸ் வால்வு எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதி அனுப்புவார்கள், அதை வைத்து நான் கேஸைக் கணிப்பேன்.

மேலதிகாரி கூப்பிட்டார். அவர் கோபப்படுகிறவர் இல்லை, அதுதான் பயம். "மாதக் கடைசியில் ஐந்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறோம். உங்கள் மாடல் அதற்குள் பொருந்தவில்லை என்றால், நீங்கள் இங்கே வந்து எல்லோரோடும் உட்கார்ந்து பார்ப்பதுதான் நல்லது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்புறம் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மாடலைப் பொருந்த வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்கு வழி உண்டு. உள்குழாயின் சொரசொரப்பு என்று ஒரு எண் இருக்கிறது. அதைக் கூட்டினால் எண்ணெய் குறையும். கொஞ்சம் கூட்டினேன், பொருந்தவில்லை. இன்னும் கூட்டினேன். கடைசியில் மாடலின் கோடு டெஸ்ட் புள்ளிகள் மேல் அழகாக உட்கார்ந்தபோது அந்த எண்ணைப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி குழாயின் உள்பக்கம் கொத்தி வைத்த அம்மிக்கல் மாதிரி இருக்க வேண்டும். உலகத்தில் அப்படி ஒரு குழாய் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தே அதைச் சேமித்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பாதியில் எழுந்து அறைக்குத் திரும்பி வந்தேன். நம் ஊரில் மதியம் ஒன்றரைக்கு மேல் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடும். கண்ணாடிக் கடையும் மூடியிருந்தது. அவ்வளவு அமைதியில் ஒரு பொய்யான எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. நான் வழக்கமாக அந்தந்த நாளின் சராசரி அழுத்தத்தைத்தான் எடுத்துக்கொள்வேன், எல்லோரும் செய்வது அதுதான். அன்று வேறு வேலை ஓடாததால், ஐந்தாம் கிணற்றின் வெளிக்குழாய் அழுத்தத்தை நிமிஷ வாரியாகப் போட்டுப் பார்த்தேன்.

ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் அழுத்தம் சின்ன மேடாக ஏறியிருந்தது. டெஸ்ட் முடிந்ததும் இறங்கியிருந்தது. போன மாதம், அதற்கு முந்தின மாதம், அதற்கும் முந்தின மாதம், எல்லாவற்றிலும் அதே மேடு. பதிவேட்டில் வால்வைத் தொட்டதாக ஒரு வார்த்தை இல்லை. யாரோ ஒருவர் ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் போய்க் கேஸைக் கூட்டிவிட்டு, முடிந்ததும் குறைத்துக்கொண்டிருந்தார். அது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

உடனே போன் போட்டேன். கத்தவில்லை. கத்தாமல் பேசியதுதான் அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"சார், டெஸ்டுக்கு முன்னாடி அஞ்சாம் நம்பர் வால்வைத் தொடுறீங்களா?"

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அரைச் சுத்து" என்றார். "அரைச் சுத்துதான் மேடம். அப்பறம் பழையபடி வெச்சிடுவேன்."

"எதுக்கு?"

"பொண்ணு பாக்க வராங்கன்னா கட்டுன பொடவையோடவா நிக்க வெப்பாங்க? கொஞ்சம் நல்லதா உடுத்திதானே நிக்க வெப்பாங்க? அளக்க வர அன்னிக்கு நாலு சொட்டு கூட வரட்டுமேன்னுதான். அந்தக் கெணத்த மொதமொத தொறந்தப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். மூடிட்டாங்கன்னா எனக்கு மனசே கேக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டேன். "உங்க கொல்லையில கம்ப்ரசர் போர் இருக்குன்னீங்களே. அதுல காத்த முழுசா தொறந்துவிட்டா தண்ணி கூட வருமா?"

"எங்க வரும்? புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் துப்பும்."

"அப்பறம்?"

"அது தண்ணி மேடம். இது எண்ணெ" என்றார். அவர் யோசிப்பது எனக்கு இங்கேயே கேட்டது. "அய்யய்ய" என்றார் மெதுவாக. "நாலு வருஷமா நானேதான் அது கழுத்த நெரிச்சினு இருந்தனா?"

அவர் குரல் உடைந்துபோனதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் போய்விட்டது. அம்மிக்கல் சமாசாரத்தை நானும் சொன்னேன். அவர் பொய்யான டெஸ்டைக் கொடுத்தார், நான் அந்தப் பொய்க்கு ஏற்றபடி குழாயையே மாற்றி எழுதினேன். மாதக் கடைசியில் மாடல் பொருந்தவில்லை என்றால் நான் மும்பைக்கு மூட்டை கட்ட வேண்டும் என்பதையும் சொன்னேன். மகள் பள்ளி, கணவர் வேலை, எல்லாவற்றையும் அழுகையோடு கொட்டிவிட்டேன். முகம் பார்த்திராத ஒரு மனிதரிடம் ஏன் அவ்வளவு சொன்னேன் என்று தெரியவில்லை.

"அழுவாத தங்கச்சி" என்றார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர். "சனிக்கெழம காலைல அஞ்சாம் நம்பருக்கு டெஸ்ட் ஆரம்பிக்கறேன், ஞாயித்துக்கெழம அளவு தெரிஞ்சிடும். நீ சொல்ற அளவுல வால்வ வெச்சிட்டு ஒரு பூட்டு போட்டுடறேன். சாவிய எடுத்தும்போய் ரேடியோ ரூம்ல குடுத்துடறேன். நானே நெனச்சாலும் தொட முடியாது."

"திங்கக்கெழம கூட்டத்துல நடந்ததையும் சொல்லணும் அண்ணே. நீங்க செஞ்சத நீங்க சொல்லுங்க, நான் செஞ்சத நான் சொல்றேன்."

"சொல்லிடலாம்" என்றார்.

அன்று சாயங்காலமே அந்த அம்மிக்கல் எண்ணை அழித்தேன். குழாய்க்கு உண்மையில் என்ன சொரசொரப்பு இருக்குமோ அதை வைத்து ஓட்டி, ஐந்துக்கு ஒரு கேஸ் அளவும், அதற்கு வர வேண்டிய எண்ணெய் அளவும் குறித்துக்கொண்டு, கேஸ் அளவை அவருக்குச் சொன்னேன். இந்த முறை அது வராவிட்டால் சமாளிக்க என்னிடம் எதுவுமில்லை. வீட்டில் சொன்னேன். கணவர், "வராட்டி மும்பைக்குப் போவோம், அங்கயும் மனுஷங்கதானே இருக்காங்க" என்றார். மகள் மட்டும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். மீன் பக்கம் கூட்டம் நெருக்கித்தள்ளியது. வழக்கமாக வாங்கும் அம்மாவிடம் சங்கரா எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முந்தின நாள் காலையே கிணற்றைத் தொட்டிக்குத் திருப்பி, இருபத்து நாலு மணி நேரம் ஓடவிட்டு, இப்போதுதான் அளந்து முடித்திருந்தார்கள்.

மேடை அண்ணன் அளந்த கணக்கைச் சொன்னார். ஏலச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். இன்னொரு முறையும். மாடல் சொன்ன அளவு வந்திருந்தது. அதற்கு மேல் கொஞ்சம் கூடவே வந்திருந்தது. கேஸோ முன்பு போனதில் முக்கால்வாசிதான். காலியாக இருந்த ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாம்மா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. கெணத்துல எண்ணெ கூட வருது."

"நல்ல சேதிதானே. அதுக்குப் போயி அழுவாங்களா" என்றார். "மீன வெட்டட்டா, வேணாவா?"

வெட்டச் சொன்னேன். இன்னொரு கிலோவும் போடச் சொன்னேன். கையில் இருந்த சந்தோஷத்துக்கு இறாலும் வாங்கினேன். அன்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு ஆறு பேர் சாப்பாடு. கிணறு பிழைத்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை நான் வாயைத் திறந்தால் என் அறை பிழைக்குமா என்பது தெரியவில்லை. புள்ளிகளுக்காகக் குழாயை மாற்றி எழுதினேன் என்று ஒரு மாடல்காரி ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய அவமானம் எங்கள் தொழிலில் இல்லை.

திங்கள் காலை கூட்டம் தொடங்கியது. மேலதிகாரி ஐந்தாம் கிணற்றின் புது எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், அதை மூட வேண்டாம் என்றார். நான் சொன்னபடி என் கதையை முதலில் சொல்லிவிட்டேன். அடுத்து மேடைக்காரர் பேசினார். நிதானமான இந்தியில், டெஸ்டுக்கு முன்னால் அரைச் சுற்று கூட்டுவதைச் சொன்னார். அதோடு முடிப்பார் என்று நினைத்தேன்.

"ஐந்துக்கு மட்டும் இல்லை சார்" என்றார். "ஒன்பதுக்கும் அப்படித்தான் செய்கிறேன். நான் லீவில் போனால் எனக்கு மாற்றாக வருகிறவரும் செய்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்."

பதினோரு மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து இழைத்த ஒன்பது மாடல்கள். அவசரமாக மற்ற கிணறுகளின் அழுத்தத்தைத் திரையில் போட்டேன். ஒவ்வொன்றிலும் அதே சின்ன மேடு. மற்ற எட்டுக்கும் சொரசொரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டியிருந்தது, அதனால் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்த மனிதரைக் கடலில் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது.

மேலதிகாரி நீளமாக ஒரு மூச்சு விட்டார். "இப்போது உங்களிடம் நம்பக்கூடிய மாடல் எத்தனை?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒன்றுதான் சார். ஐந்தாம் நம்பர்."

"மற்ற எட்டுக்கும்?"

"முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வால்வைப் பூட்டிவைத்து, மூன்று நான்கு அளவில் டெஸ்ட் எடுக்க வேண்டும்."

"எவ்வளவு காலம்?"

விரல் விட்டு எண்ணினேன். "ஒரு வருடம் ஆகும் சார்."

"மேடையில் இருப்பவர்கள் நடந்ததை நடந்தபடி உங்களிடம்தான் சொல்கிறார்கள்" என்றார். "என்னிடம் இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை. அங்கேயே இருந்து செய்யுங்கள்."

மேடைக்காரருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும் என்றும் சொன்னார். கூட்டம் முடிந்தது. பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"கோவமா தங்கச்சி?"

"கோவம் வராதா பின்னே? எட்டு மாடலும் குப்பைக்குப் போச்சு. மத்ததயும் தொட்டேன்னு அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? கூட்டத்துல ஏன் சொன்னீங்க? அஞ்சோட நிறுத்தியிருந்தா உங்களுக்குக் கடிதமும் வந்திருக்காது."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நீயே ராவும் பகலுமா உக்காந்து மூணு மாசத்துல சரிபண்ணி முடிச்சிருப்ப, அப்பறம் அவங்க மும்பைக்கு வான்னிருப்பாங்க" என்றார். "இப்ப பாரு, ஒரு வருஷம். பாப்பாவுக்கு இங்கயே அடுத்த கிளாஸ் சேத்துடு."